சாக்ஸ் போட்டுக்கொடுத்தது

1

தீபா, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "நைனா, அக்கா விஷயத்த உன்கிட்ட யாரு போட்டுக்குடுத்தது?" என்றாய். பாபு மாமாவா, பஸ்ஸில் வருகிற யாராவதா என்று நீயே ஆளையும் தேடிக்கொண்டு போனாய். நான் சாக்ஸ்தான் போட்டுக்கொடுத்தது என்றேன். நீ சிரித்துவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் போட்டுக்கொடுப்பது என்றால் காட்டிக்கொடுப்பது. ஊசியும் நூலுமாகப் பின்னித் தருவதையும் போட்டுக்கொடுப்பது என்றுதான் சொல்கிறோம். நான் உன் அக்கா யமுனாவுக்கு சாக்ஸ் போட்டுக்கொடுத்தேன். அந்த சாக்ஸ் அவளைப் போட்டுக்கொடுத்தது. எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் டர்னர் வேலை படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பதினெட்டு வருஷம் இரும்பு கடைகிற லேத் முன்னால் நின்றேன். நின்று நின்று காலில் நரம்பு புடைத்துச் சுருண்டதை நீ பார்த்திருக்கிறாய். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை விரலால் அமுக்கி, "நைனா கால்ல புழு கீது" என்பாய். போலந்து நாட்டுக்கு நான் வந்து இந்த மாசத்தோடு நாலு வருஷம் ஆகிறது. கிளம்பின அன்று நூம்பல் வீட்டு வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு உங்கள் மூன்று பேரிடமும் சொன்னேன்: "இது என்னோட போவட்டும். இனிமே நம்ம ஊட்ல ஒருத்தரும் மெஷின் முன்னாடி நிக்கக் கூடாது."

யமுனா பன்னிரண்டாவது முடித்ததும் பி.காம். சேரச் சொன்னது நான்தான். நாற்காலியில் உட்கார்ந்து, விசிறிக்கு அடியில் வேலை பார்க்கட்டும் என்று. நான் இந்தக் குளிரில் வந்து கிடப்பதற்குச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு காரணம்தான் இருந்தது. அது பொய்யாகப் போனால் நான் இங்கே இருப்பதே பொய்.

2

என் வேலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சாக்ஸ் கதை.

நான் வேலை செய்யும் இடத்தில் ஆபீஸ் பெருக்க ஒரு அம்மா வருவார். பெயர் ஹலினா. இங்கே பெண்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'பானி' என்று சேர்ப்பார்கள். பானி ஹலினா. முதல் வாரம் எனக்குப் பானிபூரி ஞாபகம்தான் வந்தது. என் வயசுதான் இருக்கும். வேலைக்கு நடுவே டீ குடிக்க உட்காரும்போது ஐந்து ஊசிகளை வைத்துக்கொண்டு சாக்ஸ் பின்னுவார். நாலு ஊசியில் நூல் கண்ணிகள் சதுரமாக உட்கார்ந்திருக்கும், ஐந்தாவது ஊசி சுற்றிச் சுற்றி வரும். அதைப் பார்க்கப் பார்க்க என் கை அரித்தது. கையில் கருவி இல்லாமல் இருந்து பழக்கமில்லாதவன் நான்.

போனில் மொழிபெயர்த்து, எனக்குக் கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "நோ" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கறுப்புத் தோல்காரனுக்குச் சொல்லித்தர மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வணக்கம் சொன்னால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாவது வாரம் அவரே ஒரு பையில் ஐந்து ஊசியும் ஒரு நூல் உருண்டையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, ஏன் வரவே இல்லை என்று கேட்டார். இவர்கள் பேச்சில் 'நோ' என்றால் 'ஆமா, சரி' என்று அர்த்தமாம். ஊரெல்லாம் இல்லை என்று சொல்லும் சொல்லுக்கு இங்கே ஆமாம் என்று பொருள். இப்படிப்பட்ட இடத்தில் நான் யாரைத்தான் நம்புவது, சொல்.

நான் பின்னின முதல் சாக்ஸ் கூத்தாக முடிந்தது. காலின் சுற்றளவை நூல் வைத்து அளந்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று கண்ணி என்று கணக்குப் போட்டேன். இருபத்திநாலுக்கு எழுபத்திரண்டு. லேத் புத்தி சும்மா இருக்குமா? ஒரு தண்டு ஒரு துளைக்குள் போக வேண்டும் என்றால் துளை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்று இன்னும் நாலு கண்ணி கூட்டினேன். போட்டுக்கொண்டு நடந்தால் சாக்ஸ் இறங்கி இறங்கிக் குதிகாலுக்கு அடியில் உருண்டை கட்டிக்கொண்டது. பானி ஹலினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு தாளில் பத்து என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு போட்டுக் காட்டினார். சாக்ஸ் காலை விடப் பத்தில் ஒரு பங்கு சின்னதாக இருக்க வேண்டும். கால்தான் அதை இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளும். அப்போதுதான் அது நழுவாது.

சின்னத் துளைக்குள் பெரிய தண்டை அடித்து ஏற்றுவது லேத் வேலையிலும் உண்டு. ஆனால் அது பேரிங்குக்கு. மனுஷக் காலுக்கும் அதே கணக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்த டர்னரும் செய்கிற தப்பு இது. தையல்காரன் செய்ய மாட்டான்.

பிறகு கோடு. ஆறு சுற்று நீலம், ஆறு சுற்று வெள்ளை என்று மாற்றி மாற்றிப் போட்டால் கோடு வரும். ஆனால் கோடு ஆரம்பிக்கிற இடமும் முடிகிற இடமும் ஒட்டாது. ஒரு படி விழுந்து நிற்கும். நான் ஏதோ தப்பு விட்டேன் என்று மூன்று தடவை பிரித்தேன். நாலாவது தடவை உறைத்தது. நாம் பின்னுவது வளையம் இல்லை, மரை. போல்ட்டில் ஓடுகிற மரை மாதிரி நூல் மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஒரு சுற்று முடியும்போது ஒரு வரிசை உயரம் ஏறியிருக்கிறது. அது எப்படிச் சேரும்? புது நிறத்தில் இரண்டாவது சுற்று தொடங்கும்போது முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்குத் தள்ளிவிட வேண்டும். படி மறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்குக் கோடு சேர்ந்தது போலவே இருக்கும். நிஜத்தில் சேரவில்லை. உனக்கு ஊசி வாங்கி அனுப்பும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்.

இன்னொன்று, கோடு அழகுக்கு மட்டும் இல்லை. அது ஸ்கேல். என் கைக்கு ஆறு சுற்று பதினாலு மில்லி வரும். கோட்டை எண்ணினால் காலின் நீளம் தெரிந்துவிடும்.

3

போன ஜூன் மாசம் யமுனா போனில், "நைனா, எனக்கு ஒரு ஜோடி சாக்ஸ் போட்டு அனுப்பேன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகு அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. கத்திரி முடிந்தும் வெயில் இறங்காத ஜூனில், செருப்புப் போட்டுக்கொண்டு காலேஜ் போகிற பெண்ணுக்கு எதற்கு சாக்ஸ்? திரும்பப் போன் போட்டுக் கேட்டேன். காலேஜில் ஷூ போடச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு வருஷம் சொல்லாதவர்கள் மூன்றாவது வருஷம் திடீரென்று எதற்குச் சொல்கிறார்கள்?

அடுத்தது கூப்பிட்ட விதம். மெசேஜில் ரொம்ப நாளாகவே அவள் 'அப்பா' என்றுதான் எழுதுகிறாள். காலேஜ் பிள்ளைகளோடு சேர்ந்து நைனா கூச்சமாகிவிட்டது போல என்று விட்டுவிட்டேன். சாக்ஸ் கேட்கும்போது மட்டும் 'நைனா' வந்தது. எதையோ மறைக்கிறவர்களுக்குத்தான் பழைய பெயர் நாக்கில் வரும் என்று நினைத்தேன்.

நிறம் கேட்டேன். சின்ன வயசில் பென்சில் டப்பா முதல் ரிப்பன் வரை ரோஸ் கேட்டவள், "டார்க்கா போடு, அழுக்கு தெரியக் கூடாது" என்றாள். குதிகால் பக்கம் தடிமனாக வேண்டும் என்றும் சொன்னாள். காலேஜ் வராந்தாவில் என்ன அழுக்கு? குதிகாலில் தடிமன் எதற்கு? நானும் முதல் வருஷம் சேஃப்டி ஷூ போட்டுக் குதிகால் தோல் உரிந்து நொண்டினவன். அந்த இடத்தில் என் மனசு ஒரு தரம் நின்றது. சேச்சே என்று தள்ளிவிட்டேன்.

பிறகு அளவு. உன்னிடம்தான் அளக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிறு காலையில் நூல் சுற்றி அளந்து இருபத்தொன்று என்றாய். எனக்கு எதையும் இரண்டு தரம் அளந்து பழக்கம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் யமுனாவையே அளந்து அனுப்பச் சொன்னேன். இருபத்திரண்டரை. உன்னைத் திட்டினேன். நீ அழுதுகொண்டே, "நான் சரியாத்தான் அளந்தேன்" என்றாய். நீ சரியாகத்தான் அளந்தாய் தீபா. அக்கா அளந்ததும் சரிதான். லீவு நாள் காலையில் இருந்த கால் வேறு, வேலை நாள் சாயந்திரம் இருந்த கால் வேறு. நாள் முழுக்க நிற்கிறவர்களின் கால்தான் அப்படி ஒன்றரை சென்டிமீட்டர் வீங்கும். பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு எழுதுகிற பிள்ளையின் கால் வீங்காது.

அன்றைக்கே பாபுவுக்குப் போன் செய்தேன். அவன் இன்னும் அந்த எஸ்டேட்டில்தான் வேலை செய்கிறான், என்னோடு பக்கத்து லேத்தில் நின்றவன். என் பெண்ணை அந்தப் பக்கம் பார்த்தாயா என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள், "உன் பொண்ணா? பாக்கலியே மாமே" என்றான். பாபு ஒரு பதிலை யோசிக்காமல் சொல்லி நான் கேட்டதில்லை. டீக்கு சர்க்கரை போடவா என்றால்கூட ஒரு நிமிஷம் யோசிப்பான். ஆக, அவனும் கூட்டு.

4

அறுபது கண்ணி, கருநீலமும் வெள்ளையுமாகக் கோடு. டார்க் என்றுதான் கேட்டாள், வெள்ளை இல்லாமல் கோடு எப்படி வரும்? குதிகாலில் நூலை இரட்டையாகப் போட்டேன். பார்சல் போய்ச் சேர்ந்து ஒரு மாசம் கழித்து, போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். யமுனா கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி எடுத்து அனுப்பினாள். 'சூப்பரா ஃபிட் ஆகுது அப்பா' என்று எழுதியிருந்தாள். சாக்ஸ் வந்து சேர்ந்ததும் மறுபடி அப்பா.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீள அளவு சரி. விரலிலிருந்து குதிகால் வரை பதினாறு கோடு, நான் போட்டது போலவே. ஆனால் கணுக்காலைச் சுற்றி மூன்று கோடுகள் மற்றவற்றைவிட ஒடுங்கிப்போயிருந்தன. பின்னல் பக்கவாட்டில் இழுபட்டால்தான் உயரத்தில் ஒடுங்கும். கண்ணிகளுக்கு நடுவே தோல் தெரிந்தது. கணுக்கால் வீக்கம்.

இன்னும் பெரிதாக்கினேன். இரண்டாவது வெள்ளைக் கோட்டில் ஏதோ மின்னியது. முதலில் கொலுசு மணி என்று நினைத்தேன். கொலுசு மணி நீலமாக இருக்காது. அது ஒரு இரும்புச் சுருள், தீபா. அரிசி அளவுதான். உல்லன் கண்ணியில் மாட்டிக்கொண்டிருந்தது. இரும்பைக் கடைகிறபோது கழியும் சுருள், வேகம் அதிகமாக இருந்தால் சூட்டில் நீலமாகிவிடும். பதினெட்டு வருஷம் அதைத்தான் துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். எனக்கு அதைத் தெரியாதா?

யாரிடமும் பேசவில்லை. யமுனாவைக் கேட்டால் ஒரு பொய் சொல்வாள், அம்மாவைக் கேட்டால் இரண்டு சொல்வாள், உன்னைக் கேட்டால் அழுவாய். லீவு எழுதிக் கொடுத்தேன்.

லீவில் வருவதற்கு முன்னால் என் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்த ஆபீஸில் விரல் ரேகை எடுக்கிற கண்ணாடி என் கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவே இல்லை. தேய்ந்த விரல். மூன்று தரம் துடைத்து வைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். படிவத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி 'ஸாவுத்' என்றாள். என் காதில் சாவு என்று விழுந்தது. போனில் தட்டிப் பார்த்தால் 'ஏமாற்றம்' என்று வந்தது. ஏமாற்றம் என்ன என்று எந்த அரசாங்கம் படிவத்தில் கேட்கும்? பக்கத்தில் இருந்த ஒரு ஆள்தான் சொன்னான், அந்தச் சொல்லுக்குத் தொழில் என்றும் அர்த்தமாம், மனசு உடைகிற ஏமாற்றம் என்றும் அர்த்தமாம். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதினேன் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

5

நூம்பலில் இறங்கின முதல் நாள், உன் அம்மா மீன் குழம்பு வைத்தாள். யமுனா காலையிலேயே போய்விட்டாள் என்றாள்.

"எங்க?"

"காலேஜுக்குதான் மாமா."

"ஆறரைக்கா?"

"ஸ்பெஷல் கிளாஸ் கீதாம்."

குழம்பை ஊற்றும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக விழுந்தது. சாயந்திரம் யமுனா வந்து கட்டிக்கொண்டாள். தேங்காய் எண்ணெய் வாசனைக்கு அடியில் எனக்கு இன்னொரு எண்ணெய் வாசனை வந்தது. அவள் கால் அலம்பும்போது குதிகாலைப் பார்த்தேன். பழைய காய்ப்பு, அதன் மேல் ஒரு பிளாஸ்திரி. "செருப்பு கடிச்சிச்சு" என்று நான் கேட்காமலே சொன்னாள். நீ அப்போது சட்டென்று எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டினாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

மூன்றாம் நாள் காலையில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னால் போனேன். வேலப்பன்சாவடியில் அவள் ஏறின பஸ்ஸில் நான் பின்பக்கமாக ஏறி, கடைசி ஸீட்டில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். தலைக்கு ஒரு துண்டு. சொந்தப் பெண்ணுக்குப் பின்னால் திருடனைப் போலப் போகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கவில்லை. காலேஜ் ஸ்டாப் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. எஸ்டேட்டில் இறங்கி, அவளைப் போல ஏழெட்டுப் பெண்களோடு ஒரு கம்பெனி கேட்டுக்குள் போனாள். வாட்ச்மேன் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பழகின முகம்.

நான் திரும்பிப் போயிருக்கலாம். தெரிந்துகொள்ள வந்தது தெரிந்துவிட்டது. ஆனால் எதிரே டீக்கடை ஓரம் நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னாலேயே பகல் முழுக்க நின்றேன். உட்கார மனசு வரவில்லை. இந்த ரோட்டில்தான் பதினெட்டு வருஷம் நடந்தேன். என் பழைய கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி ஆபீஸ், கழுத்தில் அட்டை மாட்டின பிள்ளைகள். அதற்குள் ஒரு நாற்காலியில் இவள் உட்காருவாள் என்றுதானே நினைத்தேன். இவளோ எதிர்ப்பக்கக் கேட்டில் நுழைகிறாள். அவளை என்ன சொல்லித் திட்டுவது என்று வரிசையாக மனசில் அடுக்கினேன். அம்மாவுக்கு எட்டு வரி, பாபுவுக்குப் பத்து.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து கூட்டம் வெளியே வந்தது. யமுனாவைத் தேடி லாரி ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நைனா, அந்த லாரிய எடுக்கப் போறாங்க. இப்டி தள்ளி வா."

6

அவள் காலையில் பஸ்ஸிலேயே என்னைப் பார்த்துவிட்டாளாம். "போலந்துலேர்ந்து வந்த ஷூவ போட்டுகினு தலைல துண்டு கட்டுனா யாருக்குத் தெரியாது?" என்றாள். டீக்கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னாள். அவர் என்னைக் காட்டி யாரு என்று கேட்டதற்கு, எங்க நைனா என்றாள். அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் அந்த இடத்தில் கலைந்துவிட்டது.

"இன்னா மெஷின்?" என்றுதான் கேட்க வந்தது எனக்கு.

"வி.எம்.சி."

கம்ப்யூட்டர் தானே ஓட்டுகிற மெஷின் அது. ஆள் பொருளைப் பூட்டி, கணக்கை ஏற்றி, அளவைப் பார்க்க வேண்டும்.

"நின்னுகினா, உக்காந்தா?"

"நின்னுகினுதான். கால் வலிக்குதுதான். அதான் கேட்டேன் சாக்ஸ்."

பெண்களின் அளவில் சேஃப்டி ஷூ இல்லையாம். ஆண்கள் ஷூவிலேயே சின்னதைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே கால் ஆடிக் குதிகால் உரிகிறது. நான் அளவாகப் போட்ட சாக்ஸுக்கு அடியில் இன்னொரு சாக்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

காலேஜை ஏன் விட்டாய் என்று கேட்டேன். ஃபெயில் ஆகிவிட்டாளோ, யாராவது ஏதாவது சொன்னார்களோ என்று பயம் எனக்கு. அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"பாஸ்தான் பண்ணிகினு இருந்தேன். தெனம் இந்த வழியாதான பஸ்ஸு. இந்த கேட்ல பொண்ணுங்க நிக்கிறதப் பாத்துகினே போவேன். ஒரு நாளு ஆபரேட்டர் ட்ரெய்னிங்னு போர்டு வெச்சிருந்தாங்க. எறங்கிட்டேன்."

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன். அம்மாவுக்கு ஒரு வாரம் கழிச்சித்தான் தெரியும். பாபு மாமாதான் கையெழுத்து போட வந்தாரு. அவரத் திட்டாத."

உன்னைத் திட்ட வேண்டாமா என்றேன். திட்டு என்றாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது" என்றாள்.

"கேளு."

"நீ அங்க மெஷின்ல நிக்கலதான?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு கோளாறை விளக்குவது போலச் சொன்னாள்.

"டூட்டில உக்காந்து பின்னுறேன்னு நீயே சொன்ன. மெஷின் ஷாப்புல நூலே உள்ள உடமாட்டாங்க நைனா. எங்களுக்கு துப்பட்டாகூடக் கூடாது. சுத்துற மெஷின் இழுத்துக்கும். அப்பறம் அந்த வெள்ளக் கோடு. பாலு மாதிரி வந்துச்சு. மெஷின்ல நிக்கிறவன் கையால பின்னுனா வெள்ள வெள்ளயாவா வரும்? நீ லேத்துல நிக்கச் சொல்லோ சோறு தின்ற தட்டுலகூட கறுப்பு ரேகை இருக்கும்."

எட்டு மாசமாக நான் அவளை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். அதே எட்டு மாசமாக அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரே சாக்ஸை வைத்துக்கொண்டு.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவளுக்கு முகம் கோணியது. அழப்போகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. "அப்ப நம்ம ஊட்லயே நாற்காலில உக்காந்து வேல பாக்குறது நீ ஒருத்தன்தான்" என்றாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது எதனால் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நாங்க மூணு பேரும் சேந்து உன்ன ஏமாத்தனோம், அது தப்பு. நீ ஒருத்தனா எங்க மூணு பேரையும் ஏமாத்திகீற. அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். தீபாகிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லணும்."

சரி என்றேன். மெஷின் வேலைக்கு நான் சம்மதம் என்று சொல்லவில்லை. அவளும் சம்மதம் கேட்கவில்லை.

7

அன்று ராத்திரியே வீட்டில் யமுனா விஷயம் வெளியே வந்தது உனக்குத் தெரியும். அம்மா அழுதாள், நான் கொஞ்சம் சத்தம் போட்டேன், நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். என் விஷயம் மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகும் பதினோரு நாள் உங்களோடு இருந்தேன். தினமும் காலையில் யமுனா பையை மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "அவரு அங்க பெரிய மெஷின் பாக்குறாரு" என்று சொல்வது காதில் விழும். எழுந்து கடைப்பக்கம் போய்விடுவேன். விமானம் ஏறிவிட்டேன்.

போன ஞாயிறு நீ கேட்ட கேள்வியை நீயாகக் கேட்டாயா, அக்கா கேட்கச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. பின்னால் அவள் குரல் கேட்டது போல இருந்தது. யார் கேட்கச் சொல்லியிருந்தாலும் சரி. சொல்கிறேன்.

நான் வாட்ச்மேன், தீபா.

வந்த முதல் ஏழு மாசம் லேத்தில்தான் இருந்தேன். அப்போது அனுப்பின போட்டோவெல்லாம் நிஜம். பிறகு அந்தப் பழைய லேத்துகளை எடுத்துவிட்டு, அக்கா நிற்கிறாளே, அதைப் போன்ற மெஷின்களைக் கொண்டுவந்தார்கள். திரை முழுக்க இவர்கள் பாஷை. மூன்று தரம் சொல்லிக்கொடுத்தார்கள், மூன்று தரமும் சோதனையில் தவறினேன். அவர்கள் பேரில் தப்பில்லை, எனக்கு வரவில்லை. என்னை அழைத்துவந்த ஏஜென்ட் ஒரு சரக்குக் கிடங்கின் கேட்டில் சேர்த்துவிட்டான். லாரி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்குவேன், நம்பரை எழுதுவேன். மற்ற நேரம் ஹீட்டர் போட்ட சின்ன அறையில் உட்கார்ந்திருப்பேன். பானி ஹலினா பெருக்க வருவது அந்தக் கிடங்கின் ஆபீஸைத்தான். படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதினது வாட்ச்மேன் என்பதற்கு இவர்கள் சொல்லும் வார்த்தை. அதை ஒரு எழுத்துத் தப்பில்லாமல் எழுதினேன். அந்தக் கவுண்டர் பெண்ணுக்குத் தெரிந்தது உன் அம்மாவுக்கு மூன்றரை வருஷமாகத் தெரியாது.

இதை நீ படித்ததும் மடித்து வைத்துவிடாதே. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்த பிறகு சத்தமாகப் படித்துக் காட்டு. யமுனாவையும் பக்கத்தில் வைத்துக்கொள். வாட்ச்மேன் என்ற இடம் வரும்போது குரலைக் குறைக்காதே. அம்மா என்ன சொல்கிறாளோ அதை அவள் வாயில் வந்தபடியே எழுதி அனுப்பு. நைனாவுக்கு மனசு நோகும் என்று ஒரு சொல்லைக்கூட நீ மாற்ற வேண்டாம்.